பெயர் தொலைந்த திராட்சை

ஒயின் குடிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் தோட்டக்கலைத் துறையில் முப்பது வருடம் ஒட்டுமாங்கன்றுகளோடு காலம் கழித்தவன் என்பதால், ஒயின் திராட்சையின் வரலாற்றில் ஈடுபாடு உண்டு. அதில் என் மனதில் நின்றது கார்மெனேர் என்ற ரகத்தின் கதை.

பிரான்ஸில் போர்தோ வட்டாரம் சிவப்பு ஒயினுக்குப் பெயர் போனது. மெர்லோ போன்ற ரகங்களோடு கார்மெனேரும் அங்கே பழைய குடி. இலையுதிர் காலத்தில் இதன் இலைகள் செக்கச்செவேலென்று மாறும். பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த கொடிகளோடு ஃபிலாக்ஸரா என்ற பூச்சியும் பிரான்ஸுக்குள் நுழைந்து, 1860களில் பரவத் தொடங்கியது. நம் அசுவினிக்கு உறவுக்காரப் பூச்சி. வேரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். தோட்டம் தோட்டமாகக் கொடிகள் பட்டுப்போயின. 1868இல் பிளான்ஷோன் என்ற தாவரவியலாளரும் உடன் சென்றவர்களும் வேரைத் தோண்டிப் பார்த்தபோதுதான் பூச்சி கண்ணில் பட்டது. அதற்கு மருந்தும் அமெரிக்கக் கொடியிலேயே இருந்தது. அதன் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும். அந்த வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். நாட்டு மாங்கன்றின் மேல் நாம் மல்கோவாவை ஒட்டுவது போலத்தான்.

மறுபடி நடும்போது விவசாயி கணக்குப் பார்ப்பான் அல்லவா? பூக்கும் சமயத்தில் குளிரும் மழையும் வந்தால் கார்மெனேர் பூவை உதிர்த்துவிடும். காய்ப்பு குறைவு, பழுக்கவும் தாமதம். பெரும்பாலோர் அதைத் திரும்ப நடவில்லை. நாளடைவில், ரகமே அழிந்துபோனது என்று நினைத்தார்கள்.

ஆனால் பூச்சி வருவதற்கு முன்பே, 1850களில், போர்தோவின் கொடிக்குச்சிகள் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போயிருந்தன. ஒரு பக்கம் ஆண்டிஸ் மலை, மறுபக்கம் பசிபிக் கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம். பூச்சி அங்கே எட்டவில்லை. அங்கே கார்மெனேர் மெர்லோவோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்தது. மெர்லோ சில வாரம் முந்திப் பழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பறித்ததால் கார்மெனேர் முற்றாமலே ஆலைக்குப் போனது. ஒயினில் குடைமிளகாய் வாசம் அடித்தது.

1994 நவம்பர் 24. சிலியில் அது கொடி பூக்கும் பருவம். மைப்போ பள்ளத்தாக்குத் தோட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்த பிரெஞ்சு நிபுணர் ழான்-மிஷேல் பூர்சிக்கோ, பூவின் மகரந்தத்தாள்கள் முறுக்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். மெர்லோவுக்கு அப்படி இராது. இது கார்மெனேர் என்றார். 1998இல் சிலி அரசு அதைத் தனி ரகமாக அங்கீகரித்தது.

பெயர் தெரிந்ததால் என்ன லாபம் என்று கேட்கலாம். அதன் பிறகுதான் தனியே நிறுத்தி, முற்றப் பழுக்கவிட்டுப் பறித்தார்கள். சுவை மாறியது. இன்று சிலி ஒயினுக்கு அடையாளமே அந்த ரகம்தான். கொடியில் குறை இல்லை. பறித்த நாள்தான் பொருந்தவில்லை.

நம் தோப்புகளிலும் ‘புளிப்பு மரம்’ என்று ஒதுக்கிய மாமரங்கள் உண்டு. அதன் பெயர் என்ன, எந்த மாதம் பறிக்க வேண்டும் என்பது வீட்டில் பெரியவர் யாருக்காவது தெரிந்திருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.