மரக்குழாய்க்குள் வராத குரல்

போன வாரம் ஒகேனக்கல் போயிருந்தேன். பரிசல்ல உட்கார்ந்துக்கிட்டு, இந்த எபிசோடுக்காக அருவி சத்தத்தை ரெக்கார்ட் பண்ணலாம்னு மைக்கை நீட்டினேன். ரூமுக்கு வந்து கேட்டா வெறும் இரைச்சல்.

அந்த லாட்ஜ் வரவேற்பறையில ஒரு பழைய கிராமபோன் இருந்தது. தட்டு சுத்துற வகை, பூ மாதிரி விரிஞ்ச மரக்குழாய். பித்தளைக் குழாய் வச்சதை நீங்க நிறைய பார்த்திருப்பீங்க. அதுல பல, சமீபத்துல செஞ்ச அலங்காரப் பொருள்தான். மரக்குழாய் அபூர்வம்.

ஒரு இன்ஜினியரா எனக்கு இந்தக் குழாய் மேல பெரிய மரியாதை. கரண்ட் கிடையாது, ஆம்ப்ளிஃபையர் கிடையாது. சாவி கொடுத்தா ஸ்பிரிங் தட்டைச் சுத்தும். பள்ளத்துல ஓடுற ஊசியோட நடுக்கம் ஒரு சின்னத் தகட்டுக்குப் போகும். தகடு மட்டும் அதிர்ந்தா அறையில இருக்கற காத்து பெருசா அசையாது. சின்ன வாயில ஆரம்பிச்சு மெல்ல மெல்ல விரியற குழாய்தான் அந்த அதிர்வை வெளிக்காத்துக்குக் கொண்டு சேர்க்குது. தகரக் குழாய் தானும் சேர்ந்து கிணுகிணுக்கும், மரத்துல அது குறைவு.

ரெக்கார்டிங் இதோட தலைகீழ். ஒரு குழாய் முன்னாடி நின்னு உரக்கப் பாடணும். அந்த அதிர்வை ஊசி மெழுகுல கீறும். 10 இன்ச் தட்டுல ஒரு பக்கத்துக்கு சுமார் 3 நிமிஷம். ஆலாபனைக்கெல்லாம் நேரம் ஏது!

1902 நவம்பர்ல கிராமபோன் கம்பெனியோட ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுல கௌஹர் ஜானைப் பதிவு பண்ணார். சில வருஷத்துலயே கம்பெனி மெட்ராஸுக்கும் வந்தது. அப்படிப் பதிவானவங்கள்ல ஒருத்தர் சேலம் கோதாவரி. தர்மபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துலதான் இருந்தது. அந்த வகையில நம்ம ஜில்லா பேரு அப்பவே இசைத்தட்டுல ஏறிடுச்சு.

ஆனா எனக்குக் கேட்கணும்னு ஆசை வேற ஒரு குரல். ஒகேனக்கல்ல இருந்து பென்னாகரம் தாண்டிப் போனா பாப்பாரப்பட்டி. சுப்பிரமணிய சிவா கடைசியா வாழ்ந்த ஊர். 1908ல தூத்துக்குடியில அவர் பேசின பேச்சுக்காக ராஜதுரோக வழக்கு போட்டாங்க. 10 வருஷம் நாடு கடத்தல், மேல்முறையீட்டுல 6 ஆச்சு. ஜெயில்ல தொழுநோய் வந்தது. பிறகு ரயில்ல ஏறக் கூடாதுன்னு தடை. மனுஷன் ஊர் ஊரா நடந்தே போய்ப் பேசினார்.

அந்த வழக்கு நடந்தப்போ ரெக்கார்டிங் இயந்திரம் மெட்ராஸுக்கு வந்து போயிட்டுத்தான் இருந்தது. ஆனா கம்பெனிக்கு வேண்டியது விக்கிற பாட்டு. ராஜதுரோகப் பேச்சை எந்த வெள்ளைக்காரக் கம்பெனி தட்டாப் போடும்? சிவாவோட குரல்ல ஒரு தட்டுகூட நமக்குக் கிடைக்கல. அந்த மேடைப் பேச்சுகளைக் கோர்ட்டுக்குக் கொண்டு போனது போலீஸ்காரங்க எழுதின குறிப்பு. அவரை உள்ள தள்ள எடுத்த நோட்ஸ்தான் இன்னிக்கு நமக்கு இருக்கற "ரெக்கார்டிங்". எனக்கு இது இன்னும் ஜீரணமாகல.

1925 ஜூலை 23, பாப்பாரப்பட்டியில சிவா இறந்தார். அதே வருஷம்தான் அமெரிக்காவுல மைக் வச்சுப் பதிவு பண்ற முறை வியாபாரத்துக்கு வந்தது. குழாய்க்குள்ள கத்த வேண்டிய காலம் முடிஞ்சது.

மறுநாள் பாப்பாரப்பட்டி மணிமண்டபத்துக்குப் போய், வாசல்ல நின்னு சரியா 3 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணேன். பஸ் ஹாரன், ஒரு காக்கா, யாரோ போன்ல கடன் கேட்கறது. அதை எடிட் பண்ணாம எபிசோட் கடைசியில வச்சிருக்கேன்.