ஓடிப்போனவர்கள் என்ற கட்டம்

கடந்த டிசம்பர் விடுமுறையில் குளுவாங்கில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தி மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. மாணவர் ஆய்வுக்கு சயாம்–பர்மா மரண ரயிலை எடுத்திருந்தான். "அண்ணே, சொரோத்தான் லித்தராத்தூர் முடிச்சிட்டேன், ஒருக்கா பார்த்துக் கொடுங்க" என்று மடிக்கணினியை நீட்டினான்.

பன்னிரண்டு பக்கம். இவர் இப்படிச் சொல்கிறார், அவர் அப்படிச் சொல்கிறார், இன்னொருவர் மேலும் சொல்கிறார். கடைசியில் ஒரு வரி: ஒன்றரை லட்சம் தமிழர்கள் இறந்தனர். அதற்கு ஆறு ஆதாரங்கள்.

"ஆறு பேர் சொல்லியிருக்காங்க, போதாதா?"

இதே இடத்தில் நானும் மாட்டியிருக்கிறேன். என் இறுதியாண்டு ஆய்வு மென்களிமண் அமுங்குவதைப் பற்றியது. அதில் ஒரு கெழுவுக்குப் பதினொரு கட்டுரைகளை அடுக்கியிருந்தேன். மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதை யார் அளந்தது?" ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். பதினொன்றும் ஒரே பழைய கட்டுரையில் போய் நின்றன. அதில் சோதித்தது நம் ஊர் மண்ணே இல்லை. ஒரே சாட்சி பதினொரு தடவை பேசியிருக்கிறது, நான் அதைப் பதினொரு சாட்சியாக எண்ணியிருக்கிறேன்.

அன்றிரவு தம்பியின் ஆறு ஆதாரங்களையும் அப்படியே பிரித்தோம். மூன்று இணையக் கட்டுரைகள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. ஒன்றில் மூலமே இல்லை. மீதி இரண்டும் பேசுவது 'ஆசியத் தொழிலாளர்' எல்லாரையும் பற்றி. பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அதில் அடக்கம். கைமாறி வந்த வழியில் எங்கோ 'ஆசியர்' என்ற சொல் 'தமிழர்' ஆகிவிட்டது.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்மாளுங்க சாவைக் குறைச்சுக் காட்டச் சொல்றீங்களா?"

நியாயமான கோபம். பாட்டியின் அப்பா சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அவர் 'இறந்தார்' என்று சொல்வதில்லை. 'சயாமுக்குப் போனவர்' என்றுதான் சொல்வார்கள்.

ஓரளவு உறுதியாகத் தெரிந்ததை முதலில் எழுதிவைத்தோம். பாதை சுமார் 415 கிலோமீட்டர். 1942 நடுவில் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இரண்டு முனைகளும் இணைந்தன. போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், அவர்களில் இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர் என்று வந்தாலே எண்கள் ஆடத் தொடங்குகின்றன. போனவர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ, இறந்தவர்கள் 90,000 வரை என்கிறார்கள். கைதிகளின் இறப்பைச் சக கைதிகளே ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அப்படிக் குறிக்க யாரும் இல்லை.

மலாயாவுக்குத் தனிக் கணக்கு ஒன்று உண்டு. ஜப்பானியப் பதிவுகளை ஒட்டிப் போருக்குப் பின் தொகுக்கப்பட்டது. போனவர்கள் சுமார் 78,000, பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள். இறந்தவர்கள் ஏறத்தாழ 30,000. தம்பி இதைப் பார்த்ததும், "அப்ப இதைப் போட்டுடலாமா? அதிகாரபூர்வமா இருக்கே" என்றான்.

அதையும் அப்படியே போட முடியாது. அந்தக் கணக்கில் இன்னொரு கட்டம் இருக்கிறது: ஓடிப்போனவர்கள். இருபதாயிரத்துக்கும் மேல். 1943 மழைக்காலத்தில் காலரா பரவிய முகாம்களிலிருந்து ஓடியவர்கள் எங்கே போனார்கள்? சிலர் தாய்லாந்துக் கிராமங்களில் தங்கியிருக்கலாம், சிலர் ஊர் திரும்பியிருக்கலாம். காட்டிலேயே விழுந்தவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்? காலையில் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால், எழுதுகிறவனுக்கு 'ஓட்டம்' என்று எழுதுவது எளிது. பிணத்தைத் தேட வேண்டியதில்லை, பதில் சொல்லவும் வேண்டியதில்லை. ஆக, 30,000 என்பது எழுதப்பட்ட இறப்புகளின் எண்ணிக்கை மட்டுமே.

விமர்சன மீளாய்வு என்பது இதைத்தான் கேட்கிறது என்று நினைக்கிறேன். யார் எண்ணினார், யாருக்காக எண்ணினார், எதை எந்தக் கட்டத்தில் போட்டார்? ஒன்றரை லட்சம் என்று எழுதினால் யாராவது ஒரே கேள்வியில் அதைத் தட்டிவிடுவார்கள். அதோடு உண்மையான சாவுகளும் தட்டுப்பட்டுப் போகும். 30,000 என்று மட்டும் எழுதினால் ஓடிப்போனவர்களை நாமே இரண்டாம் முறை காட்டில் விட்டுவருகிறோம்.

தம்பி விட்ட இன்னொன்றும் இருந்தது. பால் கிராடோஸ்கா தொகுத்த ஆவணங்களும் நகஹாரா மிச்சிகோவின் ஆய்வும் பட்டியலில் இருந்தன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும், சீ. அருண் உயிர் தப்பியவர்களைத் தேடிப்போய் எழுதியதும் இல்லை. "அது கதைதானே அண்ணே, மார்க் வெட்டிடுவாங்க." எண்ணிக்கைக்கு நாவலைச் சாட்சி கூப்பிட முடியாது, சரிதான். ஆனால் தோட்டத்தில் ஆள் பிடித்ததை இங்கே மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு ஆங்கில ஆவணம் சாட்சி சொல்லாது. எந்தக் கேள்விக்கு எந்த ஆதாரம் பதில் தரும் என்று பிரித்து எழுதினால் மார்க் ஏன் போகிறது?

அந்த ரயிலுக்காக தம்பின்–மலாக்கா கிளைப்பாதையின் தண்டவாளங்களையே ஜப்பானியர் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எந்தப் பாதையில் இரும்பு போனது என்று நமக்குத் தெரிகிறது. எந்தத் தோட்டத்திலிருந்து யார் போனார்கள் என்று பெரும்பாலும் தெரியவில்லை.

தம்பி கடைசி வரியை அழித்தான். அந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதினான்: எண்கள் ஏன் வேறுபடுகின்றன, 'ஓடிப்போனவர்கள்' என்ற சொல் எதை மறைக்கக்கூடும். அவன் ஆய்வுக் கேள்வியே அங்கிருந்துதான் கிடைத்தது.

மறுநாள் காலை பாட்டியிடம் போய் உட்கார்ந்தோம். அப்போது அவருக்கு நாலு வயது. அப்பா எங்கே ரயில் ஏறினார் என்று கேட்டோம். "லாயாங் லாயாங் ஸ்டேசன்லதான்" என்றார், யோசிக்காமல்.

தம்பி குறித்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கி, "பாட்டி, நீங்க பார்த்தீங்களா, இல்ல உங்கம்மா சொன்னாங்களா?" என்று கேட்டான்.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா சொன்னதுதான்யா" என்றார். அதையும் எழுதிக்கொண்டான்.