பெயர் மறைந்த கிற்றார்கள்: அமெரிக்க மக்களிசையில் மலிவுக் கருவிகளின் இடம்

கிற்றாரின் நவீன வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சுற்றியே அதனை அமைத்துள்ளனர். சக்சனியிலிருந்து 1833 ஆம் ஆண்டில் நியூ யோர்க்குக்குக் குடிபெயர்ந்த மாட்டின், 1902 ஆம் ஆண்டிலே மிச்சிக்கன் மாநிலத்தின் கலமசூ நகரில் நிறுவப்பெற்ற கிப்சன், 1950 ஆம் ஆண்டளவில் திண்மரத்தாலான மின்சாரக் கிற்றாரைத் தொழிற்சாலைப் பண்டமாக்கிய கலிபோர்னியாவின் பெண்டர் என்பனவே அவை. கருவியின் அமைப்பை வளர்த்தெடுத்ததில் இம்மூன்றுக்கும் உள்ள பங்கினை எவரும் மறுத்தற்கியலாது. ஆயின், ஓர் இசைக்கருவியின் வரலாறு அதனை ஆக்கியோரின் வரலாறாக மட்டும் அமைந்துவிடுதல் போதாது. அதனைக் கையிலேந்தியோரின் வரலாறும் அதனுள் அடங்குதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பருத்தி வயல்களிலும், சுரங்கத் தொழிலாளரின் குடியிருப்புகளிலும், பெருநகரச் சேரிகளிலும் வாழ்ந்தோர் முதன்முதலிற் தொட்ட கிற்றார் எது என வினவின், ஸ்டெல்லா, ஹார்மனி, கே, டனலெக்ட்ரோ ஆகிய பெயர்களே விடையாகக் கிடைக்கின்றன. வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பளவில் நின்றுவிட்ட இப்பெயர்கள் பெறவேண்டிய இடத்தினையும், அவ்விடம் அவற்றுக்குக் கிட்டாமைக்கான காரணத்தினையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலே அமெரிக்காவிற் கிற்றார் என்பது வசதி படைத்த இல்லங்களின் வரவேற்பறைக்குரிய கருவியாகவே விளங்கிற்று. குடல்நரம்பு பூட்டிய சிறிய கருவியை மென்மையாக மீட்டுதல் நடுத்தர வகுப்புப் பெண்களின் நற்பயிற்சிகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. அந்நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறத் தொடங்கியது. உருக்குக் கம்பிகள் பரவின. நீராவி இயந்திரம் பொருந்திய தொழிற்சாலைகளில் வாத்தியங்கள் நூற்றுக்கணக்கிற் செய்யப்பட்டன. புகையிரதப் பாதைகள் அவற்றை நாட்டின் மூலைமுடுக்குகளுக்குக் கொண்டு சென்றன. இம்மாற்றத்தின் மையமாகச் சிக்காகோ நகரம் அமைந்தது. மரமும் தொழிலாளரும் புகையிரதப் பாதைகளும் ஒருங்கே கூடிய அந்நகரிலே, 1892 ஆம் ஆண்டில், ஜேர்மனியிலிருந்து குடியேறிய வில்ஹெல்ம் ஷுல்ட்ஸ் என்பார் ஹார்மனிக் கம்பனியைத் தொடங்கினார்.

1915 ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற பனாமா பசிபிக் சர்வதேசப் பொருட்காட்சி ஹவாய்த் தீவுகளின் இசையை அமெரிக்கப் பொதுமக்களுக்கு அறிமுகஞ் செய்தது. அதன்பின் யூக்கலேலி எனும் சிறு நரம்புக் கருவிக்குப் பெருந்தேவை எழுந்தது. தபால்வழி வணிகத்திலே நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாயிருந்த சியர்ஸ் றோபக் கம்பனி இத்தேவையை நன்குணர்ந்து, 1916 ஆம் ஆண்டில் ஹார்மனிக் கம்பனியையே விலைக்கு வாங்கிக்கொண்டது. உற்பத்தியும் விநியோகமும் ஒரே கையிற் சேர்ந்தன. இச்சேர்க்கையின் முழு விளைவினை உணர்வதற்குத் தபால்வழி வணிகத்தின் தன்மையைச் சிறிது நோக்குதல் அவசியமாகும்.

கிராமப்புற வீடுகளுக்குத் தபாலை இலவசமாக விநியோகிக்கும் முறை ஐக்கிய அமெரிக்காவில் 1896 ஆம் ஆண்டிலே ஆரம்பிக்கப்பட்டது. அரசாங்கப் பொதித்தபாற் சேவை 1913 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டினாலும் நகரத்துப் பண்டம் நாட்டுப்புறக் குடிசையின் வாயிலுக்கே வந்து சேர்ந்தது. தென் மாநிலங்களிலே குத்தகைப் பயிர்ச்செய்கையில் ஈடுபட்டிருந்த கறுப்பின மக்களுக்கு இதன் பொருள் ஆழமானதாகும். அவர்கள் தோட்டத்து முதலாளியின் கடையிற் கடனுக்குப் பொருள் பெற்று, அறுவடையின்போது அக்கடனைத் தீர்க்கவியலாது மீண்டும் கடனாளியாகும் வாழ்விற் சிக்கியிருந்தனர். நகரக் கடைகளிலோ வெள்ளையர் அனைவரும் பொருள் வாங்கிச் செல்லும்வரை காத்து நிற்கவேண்டிய இழிவு இருந்தது. சியர்சின் விலைப்பட்டியலுக்கு வாங்குவோனின் நிறம் தெரியாது. அதில் அச்சிடப்பட்ட விலை அனைவருக்கும் ஒன்றே. சியர்ஸ் கம்பனியின் நோக்கம் இலாபமேயன்றிச் சமத்துவமன்று என்பது உண்மையே. எனினும், நோக்கம் வேறு, விளைவு வேறு என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

நியூ ஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி நகரிலே ஒஸ்கார் ஷ்மித் கம்பனி உற்பத்தி செய்த ஸ்டெல்லாக் கிற்றார்களும் இவ்வாறே மக்களிடம் சென்றடைந்தன. புளூஸ் எனப்படும் கறுப்பின மக்களின் துயரிசையோடு இக்கருவியின் பெயர் பிரிக்கவொண்ணாதபடி பிணைந்துள்ளது. லெட்பெலி எனப் பெயர் பெற்ற ஹடி லெட்பெற்றர் தம் பன்னிரு நரம்பு ஸ்டெல்லாவின் பேரொலியாலேயே அடையாளங் காணப்பட்டவர். மிசிசிப்பியின் பருத்தித் தோட்டமொன்றில் வளர்ந்த மடி வோட்டர்ஸ், இளமையில் வீட்டிலிருந்த கடைசிக் குதிரையை விற்றுத் தம் பங்காகக் கிடைத்த பணத்திலே ஏறத்தாழ இரண்டரை டொலர் கொடுத்துத் தமது முதற் கிற்றாரை வாங்கியதாகவும், அது ஸ்டெல்லா எனவும் பிற்காலத்திற் கூறியுள்ளார். அவ்வட்டாரத்தார் அத்தகைய கருவிகளைச் சிக்காகோவிலிருந்த சியர்ஸ் கம்பனியிடமிருந்தே தருவித்தனர் என்பதும் அவர் கூற்றாகும். 1943 ஆம் ஆண்டிலே அவர் அதே சிக்காகோவுக்குக் குடிபெயர்ந்தார். கருவி வடக்கிலிருந்து தெற்கே பொதியாகச் சென்றது. அதனைப் பயின்ற மனிதன் தெற்கிலிருந்து வடக்கே தொழிலாளியாக வந்தான். சிக்காகோ புளூஸ் எனப் பின்னர் உலகம் போற்றிய இசை இவ்விரு பயணங்களின் சந்திப்பிலே பிறந்தது எனின் மிகையாகாது.

இனி, இக்கருவிகளின் அமைப்பினை நோக்குவோம். மாட்டின் கம்பனி 1840 களிலிருந்து வளர்த்தெடுத்த முறையிலே முகப்பலகையின் உட்புறத் தாங்குசட்டங்கள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்லும். மலிவுக் கிற்றார்களிலோ அவை ஏணிப்படிகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடையே ஒட்டப்பட்டன. இவ்வமைப்பு விரைவிற் செய்யத்தக்கது; செலவும் குறைந்தது. முகப்பலகைக்கு ஸ்புரூஸ் மரத்துக்குப் பதிலாகப் பலவேளை பேர்ச் மரம் பயன்பட்டது. விலையுயர்ந்த மரத்தின் இரேகைகளை வர்ணத்தாற் போலியாக வரைதலும் வழக்கமாயிற்று. கழுத்தின் வளைவைத் திருத்தவல்ல உலோகக் கோல் பெரும்பாலானவற்றில் இல்லை. ஆகவே சில ஆண்டுகளிற் கழுத்து வளைந்து, கம்பிகள் விரற்பலகையினின்றும் உயர்ந்து, விரல் நோகும் நிலை ஏற்பட்டது. இக்குறைகளை மறைத்தல் வரலாற்றுக்கு நேர்மையாகாது.

ஆனால், குறை எனப்பட்டதுவே இசையில் வேறு பயன் பெற்றது. ஏணிச் சட்டம் பொருந்திய கருவியின் ஒலி நீடித்து நிற்பதில்லை. சடுதியாக வெடித்து உடன் அடங்கும். அடுத்த சுரத்துக்கு அது இடம் விடுகின்றது. ஒலிபெருக்கியில்லாத கூடங்களிலே ஆட்டத்துக்குத் தாளம் வைத்துப் பாடுவோனுக்கு அத்தகைய வறண்ட, உரத்த ஒலியே வேண்டியிருந்தது. உயர்ந்து நின்ற கம்பிகளோ, கத்தியையோ போத்தற் கழுத்தையோ அவற்றின்மீது வழுக்கிச் சுரங்களை இழைக்கும் முறைக்கு இடையூறாகவில்லை, உதவியாகவே அமைந்தன. பழைய ஒலித்தட்டுகளிற் கேட்கும் புளூஸ் ஒலியின் தனித்தன்மையில் வறுமைக்கும் ஒரு பங்குண்டு.

மின்சார யுகத்திலும் இவ்வரலாறு தொடர்ந்தது. 1931 ஆம் ஆண்டிலே கே எனும் பெயரை ஏற்ற சிக்காகோக் கம்பனியின் முன்னோடியான ஸ்ரோம்பேர்க் வொய்சினெற், 1928 ஆம் ஆண்டிலேயே மின்சாரத்தால் ஒலிபெருக்கும் நரம்புக் கருவிகளை விளம்பரஞ் செய்திருந்தது. 1950 களில் ஜிம்மி றீட் போன்ற புளூஸ் கலைஞர் கே கிற்றார்களை வாசித்தனர். ஜாஸ் கலைஞரான பார்ணி கெசலின் பெயரில் அக்கம்பனி உயர்தரக் கருவிகளையும் வெளியிட்டது. 1947 ஆம் ஆண்டிலே நேதன் டானியல் நியூ ஜேர்சியில் தொடங்கிய டனலெக்ட்ரோவோ துணிச்சலான சிக்கனத்துக்குப் பெயர் பெற்றது. மரநாரை அழுத்திச் செய்த மேசொனைற் பலகை அதன் உடலாயிற்று. உதட்டுச்சாயக் குழல்கள் ஒலிவாங்கிச் சுருளின் உறைகளாயின. 1960 களின் தொடக்கத்திற் சியர்சுக்காக அவர் செய்த சில்வர்ரோன் கிற்றாரின் பெட்டியினுள்ளேயே ஒலிபெருக்கியும் அமைந்திருந்தது. பெட்டியைத் திறந்து மின்னிணைப்பைக் கொடுத்ததும் ஒரு சிறுவன் வாசிக்கத் தொடங்கலாம்.

அத்தலைமுறையினர் தாம் பின்னர் உலக மேடைகளில் ஏறினர். சியாற்றில் நகரத்து ஜிமி ஹென்றிக்சின் முதல் மின்சாரக் கிற்றார், சிக்காகோவின் வல்கோக் கம்பனி செய்த சுப்ரோ எனும் மலிவுக் கருவியே. பிரித்தானியாவில் எரிக் கிளப்ரனின் முதல் மின்சாரக் கிற்றார் கே; றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் ஆரம்ப காலத்திற் கீத் றிச்சட்ஸ் ஏந்தியது ஹார்மனி. லெட் செப்லின் குழுவின் ஜிம்மி பேஜ் டனலெக்ட்ரோவை மேடையில் வாசித்ததோடு, ஹார்மனியின் சொவறின் எனும் மரக் கிற்றாரையும் தம் ஆக்கங்களுக்குப் பயன்படுத்தினார். 1964, 1965 ஆம் ஆண்டுகளை அண்டி ஹார்மனியின் ஆண்டு விற்பனை ஏறத்தாழ 350,000 கருவிகளை எட்டியிருந்தது.

இத்துணைப் பரந்து வழங்கிய கருவிகளின் பெயர்கள் ஏன் மங்கின? முதற் காரணம் அவை பெரும்பாலும் பிறர் பெயரிலேயே விற்கப்பட்டமையாகும். சியர்சுக்குச் செய்தவை முதலில் சுப்பர்ரோன் எனவும் பின்னர் சில்வர்ரோன் எனவும் பெயர் பெற்றன. மொன்ற்கொமறி வார்ட் நிறுவனத்துக்குச் செய்தவை எயர்லைன் ஆயின. தலைப்பகுதியிற் பொறித்த பெயர் விற்றவனுடையதேயன்றிச் செய்தவனுடையதன்று. கிப்சன் நிறுவனமும் 1930 களின் பொருளாதார மந்தத்தின்போது மலிவுக் கிற்றார்களைச் செய்தது. ஆயின் அவற்றிலே தன் பெயரைப் பொறிக்காது கலமசூ எனும் ஊர்ப்பெயரையே பொறித்தது. மலிவினின்றும் பெயரைக் காத்தல் ஒரு வணிகக் கொள்கையாகவே இருந்தமைக்கு இது சான்றாகும்.

இரண்டாவது காரணம் வீழ்ச்சியின் தன்மையாகும். 1960 களின் நடுப்பகுதியிற் பெருமூலதன நிறுவனங்கள் கிற்றார்த் தொழிலினுட் புகுந்தன. அதே வேளையில் யப்பானிலிருந்து இறக்குமதியான மலிவுக் கருவிகள் சந்தையை நிரப்பின. கே கம்பனி 1967 ஆம் ஆண்டில் வல்கோவுடன் இணைந்து, 1968 இல் இரண்டும் ஒருங்கே வீழ்ந்தன. 1966 இல் கைமாறிய டனலெக்ட்ரோவின் தொழிற்சாலை 1969 இல் மூடப்பட்டது. ஹார்மனி 1975 ஆம் ஆண்டளவில் உற்பத்தியை நிறுத்திற்று. பெண்டர் 1965 இலும் கிப்சன் 1969 இலும் பெருநிறுவனங்களின் உடைமையாகி இடர்ப்பட்டபோதிலும், அவற்றின் பெயருக்கிருந்த மதிப்பு அவற்றை மீட்டெடுத்தது. ஹார்மனி எனும் பெயரும் பின்னர் பலர் கைக்கு மாறி, 2018 ஆம் ஆண்டிலே புதிய கருவிகளில் மீண்டும் தோன்றியது; எனினும், சிக்காகோத் தொழிலாளரின் மரபு அறுபட்ட பின்னரே அது நிகழ்ந்தது.

மாட்டினுக்கு நிகராக ஸ்டெல்லாவை வைப்பது மிகைப்புகழ்ச்சி எனச் சிலர் கூறக்கூடும். தொழினுட்ப நோக்கில் அக்கூற்றுப் பொருத்தமானதே. ஆனால் கைவினையின் சிறப்பும் வரலாற்றுச் சிறப்பும் ஒன்றல்ல. கைவினையை அளப்போன் கருவி எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டது என வினவுகின்றான். வரலாற்று மாணவனோ அதனால் எவர் வாய் திறந்தனர் எனவும் வினவக் கடமைப்பட்டவன். இசை வரலாறுகள் பெரும்பாலும் சேகரிப்போரின் பேழைகளில் எஞ்சியவற்றைக் கொண்டே எழுதப்படுகின்றன. விலையுயர்ந்த கருவி பேணப்படுகின்றது. மலிந்த கருவி மழையில் நனைந்து, பசை விட்டு, அடுப்பெரிக்கப் போகின்றது. எஞ்சியதே சிறந்தது என முடிவு செய்தல் சான்றுகளின் இயல்பை அறியாமையாகும்.

இரண்டரை டொலர்க் கருவி இல்லாதிருப்பின், மிசிசிப்பித் தோட்டத்து இளைஞனுக்கு மாட்டின் கிடைத்திருக்கப்போவதில்லை. அவனுக்குக் கிற்றாரே கிடைத்திராது. இருபதாம் நூற்றாண்டின் இசையை மாற்றியமைத்த குரல்கள் பல ஒலியாமலே போயிருக்கும். ஹார்மனி, கே, ஸ்டெல்லா, டனலெக்ட்ரோ ஆகியவற்றுக்கு உரிய மதிப்பை வழங்குதல் என்பது, அவற்றை மீட்டிய ஏழை மக்களைக் கிற்றாரின் வரலாற்றினுள் அனுமதிப்பதேயாகும்.