“இயேசுசாமி நம்ம ஆளுகளா?”: பிள்ளைகளின் கேள்விகளும் திருச்சபையின் சாதி வரலாறும்

இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் ஒரு செபப் புத்தகம். 1578-இல் கொல்லத்தில் சேசுசபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ அது. மொத்தம் பதினாறு பக்கங்கள். அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. போர்த்துகீசிய மறைக்கல்வி நூலைத் தழுவிய அந்தப் புத்தகம் கேள்வி பதில் வடிவில் அமைந்தது. குரு கேட்பார், சீடன் சொல்வான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் முறைக்கு நானூற்று நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது.

எங்கள் கோட்டையூருக்கும் அச்சு வரலாற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்த ரோஜா முத்தையா இந்த ஊர்க்காரர்தான். அவருடைய சேகரிப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அதே ஊரில் வாழும் ஒரு தலித் கிறித்தவக் குடும்பம் நாங்கள். எங்கள் பிள்ளை இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மறைக்கல்விப் புத்தகத்தில் உள்ள கேள்விகளுக்கு அவளே பதில் சொல்லிவிடுவாள். புத்தகத்தில் இல்லாத கேள்விகளுக்குத்தான் எங்களிடம் வருகிறாள்.

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது செய்ததும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டியது. கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்யவைத்து, வீட்டில் பெரியவர்களுக்கு நீங்கள் கற்றுக்கொடுங்கள் என்று அனுப்பினார். ஆக, தமிழ்க் கிறித்தவத்தைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே பிள்ளைகள்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளாகக் கேட்ட கேள்வி ஒன்றுகூட எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை. நமது வீடுகளிலாவது அதற்கு இடம் வேண்டாமா?

எங்கள் பிள்ளை கேட்ட நான்கு கேள்விகளையும், அவற்றுக்கு நாங்கள் தேடிய பதில்களையும் இங்கே எழுதுகிறோம். இதே கேள்விகள் உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும்.

முதல் கேள்வி: “இயேசுசாமி நம்ம ஆளுகளா?”

‘நம்ம ஆளு’ என்ற சொல்லுக்கு நம் ஊரில் என்ன பொருள் என்பது ஏழு வயதுக்குள் பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. இயேசு எல்லாருக்கும் சாமி என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நாங்கள் சமாரியப் பெண்ணின் கதையைச் சொன்னோம். யாக்கோபின் கிணற்றடியில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்த இயேசு, தண்ணீர் மொள்ள வந்த பெண்ணிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். யூதரான நீர் என்னிடம் எப்படிக் கேட்கலாம் என்று அவள் திகைக்கிறாள். யூதர்கள் சமாரியரோடு புழங்குவதில்லை.

படித்த குருக்கள் இந்தப் பகுதிக்கு எத்தனையோ இறையியல் விளக்கம் தருவார்கள். ஊருணியில் இறங்க முடியாமல் கரையில் குடத்தை வைத்துக்கொண்டு, யாராவது மொண்டு ஊற்றமாட்டார்களா என்று காத்து நின்ற எங்கள் அப்பத்தாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. அவள் தொட்ட தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்க ஒருவர் வந்தார் என்றால் அவர் யார் பக்கம் என்பது அவளுக்குத் தெரியும். பிள்ளைக்கும் அது புரிந்தது.

ஆனால் இயேசு யார் பக்கம் என்பது ஒன்று. அவர் பெயரில் வந்த சபை யார் பக்கம் நின்றது என்பது இன்னொன்று. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, உயர்சாதித் துறவியாகவே வாழ்ந்தார். தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற பார்ப்பனர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்றார். 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அதற்கு அனுமதி கொடுத்தார். தாழ்த்தப்பட்டவர்களிடம் போய்ப் பழக 1640-களில் பண்டாரசாமிகள் என்று தனிக் குருமார்கள் ஏற்படுத்தப்பட்டார்கள். சாதி ஒழியாமலே வேதம் பரவ வழி செய்த ஏற்பாடு இது. நம் பகுதி மக்கள் நடந்தே திருயாத்திரை போகும் ஓரியூரில் 1693-இல் தலை வெட்டிக் கொல்லப்பட்ட அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோவும் ஒரு பண்டாரசாமிதான். நம் முன்னோரிடம் வந்துபோக அவரால் முடிந்தது அதனால்தான்.

1703-இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், நோயில் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்கள் கொடுக்கவேண்டும் என்று ஆணையிட வேண்டியிருந்தது. ஆணை போடவேண்டியிருந்தது என்றாலே நடைமுறை என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1744-இல் ரோமாபுரி கண்ட தீர்வு, பறையர்களுக்கென்று தனியாகக் குருமார்களை ஒதுக்குவது.

இரண்டாவது கேள்வி: “பால் பவுடருக்காகத்தான் நாம வேதத்துல சேந்தோமாம்மா?”

பள்ளியில் வேறொரு பிள்ளை சொன்னது. அந்தப் பிள்ளைக்கு அதன் வீட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இந்த ஏச்சு நமக்குப் புதிதல்ல. கோதுமைக் கிறித்தவர், ரொட்டிக் கிறித்தவர் என்று காலத்துக்கு ஒரு பெயர்.

இதற்கான பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது. அன்றைக்குக் காரைக்குடியும் தேவகோட்டையும் சிவகங்கையும் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியான கள்ளர்கள் ஒடுக்கப்பட்டவர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாகக் கூடியது. சாதியைப் பற்றி ஹட்டன் எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் சூறையாடப்பட்டன.

அந்தப் பதினொன்றில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது என்பது. மிராசுதாரர்களின் மாட்டை மேய்ப்பதுதான் அவர்கள் வேலை என்பது இன்னொன்று.

எழுதப் படிக்கத் தடை போட்ட ஊரில், சிலேட்டைக் கையில் கொடுத்தவரின் சாமியை நம் முன்னோர் ஏற்றார்கள். பசிக்குச் சோறு கிடைத்தது என்றால் அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியது பட்டினி போட்டவர்கள். எங்கள் பிள்ளையிடம் நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: “உன்னோட பூட்டன் காலத்துல நம்ம பிள்ளைக படிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. படிக்க வைக்கிறோம்னு சொன்னவங்க கூட அவரு போனாரு.” அடுத்த நாள் அதை அவள் பள்ளியில் சொன்னாளாம்.

மூன்றாவது கேள்வி: “கல்லறைக்குள்ள எதுக்குச் சுவரு?”

சொந்தக்காரர் ஒருவரின் அடக்கத்துக்கு வெளியூர் போயிருந்தபோது கேட்டாள். செத்தவர்கள் எல்லாரும் மோட்சத்தில் ஒன்றாக இருப்பார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஒன்றாக இருக்கப்போகிறவர்களுக்கு இங்கே எதற்குச் சுவர்? நியாயமான கேள்வி அல்லவா?

இந்தச் சுவருக்கு நீண்ட வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷன் 1706-இல் தொடங்கியது. அங்கேயும் ஆலயத்துக்குள் சாதிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். அந்த மிஷனின் முதல் தமிழ்க் குருவாக 1733-இல் அபிஷேகம் பெற்ற ஆரோன் வேளாளர். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் இருந்தவர், பறையர், வேதத்தைத் தாமே தேடிப் படித்தவர். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறித்தவர்கள் சம்மதிக்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டார்கள். 1741-இல் பட்டம் பெற்றவர் தியாகு என்ற வேறொருவர். ராஜநாயக்கன் 1771-இல் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

திருநெல்வேலி வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயில் ஒரே பீடத்துக்கு இரண்டு நடைசாலைகள் பிரிந்து நிற்கும் அமைப்பு. கால்சட்டைக் கோயில் என்றே அதற்குப் பெயர். வேளாளர் ஒரு பக்கம், நாடார் ஒரு பக்கம், நடுவே சுவர். 1910-இல் பங்குக்குரு கௌசானெல் அந்தச் சுவரை இடித்தார். வேளாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சாதிச் சுவர் நம் காலத்து ஊடகங்களிலும் செய்தியானது.

இதையெல்லாம் ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? சுவரை ஒளித்து வைக்க முடியாது, அவளே பார்த்துவிட்டாள். அதனால் சுவரைக் கட்டியவர்களைப் பற்றியும் இடித்தவர்களைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறோம். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். 1847-இல் மதுரை அமெரிக்க மிஷன், சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்றது. பல ஊழியர்கள் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டுப் போனார்கள். இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் 2003-இல் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022-இல் அந்தோனி பூலா இந்தியாவின் முதல் தலித் கர்தினால் ஆனார். சுவர் சாமி கட்டியதில்லை, மனிதர்கள் கட்டியது, அதனால் மனிதர்களால் இடிக்கமுடியும். பிள்ளைக்கு இந்த அளவு போதும்.

நான்காவது கேள்வி: “அண்ணனுக்கு மட்டும் ஏன் வேற எழுதியிருக்கு?”

அண்ணன் என்பது அவளுடைய பெரியப்பா மகன். ஒரே தெரு, ஒரே பாட்டன். அந்தக் குடும்பம் வேதத்தில் சேரவில்லை. அவன் சான்றிதழில் பட்டியல் சாதி. எங்கள் பிள்ளையின் சான்றிதழில் கிறித்தவராக மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்ட வகுப்பு.

10.8.1950 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தலித் கிறித்தவர் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதுமான சான்று இல்லை என்று 1985-இல் மனு தள்ளுபடியானது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், பட்டியல் சாதித் தகுதியை மதத்திலிருந்து பிரிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடியும் ஓர் ஆணையம் அமைத்தார்கள்.

இதன் விளைவு என்ன? தனித்தொகுதியில் நிற்க முடியாது. பட்டியல் சாதி இடஒதுக்கீட்டில் வேலை கிடையாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறான்?

இதனால்தான் பல குடும்பங்களில் பிள்ளைக்குக் கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். களப்பணியில் இப்படிப்பட்ட வீடுகளை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தன் சாமியின் பெயரைச் சொல்ல ஒரு குழந்தை விலை கொடுக்கவேண்டும் என்று வைத்திருப்பது சட்டம். எங்கள் பிள்ளையிடம், “சட்டத்துல ஒரு தப்பு இருக்கு, அதை மாத்தச் சொல்லி ரொம்ப வருசமா கேட்டுக்கிட்டிருக்கோம்” என்றோம். “இன்னுமா மாத்தல?” என்றாள். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைச் சொல்லிக்கொடுக்கும்போது வரலாற்றை மறைக்கவேண்டியதில்லை. உண்மையைச் சொன்னால் விசுவாசம் போய்விடும் என்று சில பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். சுவரைக் கண்ணால் பார்த்த பிள்ளையிடம் சுவரே இல்லை என்று சொன்னால்தான் அது போகும், நம்மீது வைத்த நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

பங்குத்தந்தையரிடமும் மறைக்கல்வி ஆசிரியர்களிடமும் ஒரு கோரிக்கை. 1987-இல் உருவான நமது சிவகங்கை மறைமாவட்டத்தில் ஓரியூர் புனிதரின் கதையைச் சொல்லித்தராத வகுப்பு இல்லை. அதோடு, நற்கருணை கொடுக்கும் தகுதி மறுக்கப்பட்ட ராஜநாயக்கனின் கதையையும், உச்ச நீதிமன்றத்தின் படியேறிய சூசையின் கதையையும் சொல்லிக்கொடுங்கள். வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். அவர்கள் கேட்பதை ஒரு நோட்டில் எழுதிவைத்து, அடுத்த பங்குப்பேரவைக் கூட்டத்தில் பெரியவர்கள் முன்னால் வாசியுங்கள்.