பைலட் சட்டையில் இருக்கும் ‘விங்ஸ்’ பேட்ஜ்: சேகரிக்கலாம்... மாட்டிக்கிட்டு போகலாமா?

விமானத்தில் ஏறும்போது கவனிச்சிருப்பீங்க. பைலட்டின் சட்டையில், மார்புப் பக்கம் இறக்கை வடிவில் ஒரு பேட்ஜ் இருக்கும். இதுதான் ‘விங்ஸ்’. தபால் தலை, பழைய நாணயம் மாதிரி, இதையும் தேடித் தேடி சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

எப்படி வந்தது?

பிரிட்டன் ராணுவத்தின் ராயல் ஃப்ளையிங் கார்ப்ஸ் பைலட்டுகளுக்கு 1913-ல் இறக்கைச் சின்னம் வந்தது. பின்னர் பயணிகள் விமான நிறுவனங்களும் நடுவில் தங்கள் லோகோவை வைத்து அதே வடிவத்தைப் பயன்படுத்தத் தொடங்கின.

ஏன் இவ்வளவு மவுசு?

நிறுவனம் மூடிட்டா புது பேட்ஜ் வராது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரமவுண்ட் ஏர்வேஸ் 2005-ல் தொடங்கி, 2010-ல் சேவையை நிறுத்தியது. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. 1947 டிசம்பரில் இரத்மலானையில் இருந்து சென்னைக்குப் பறந்து சேவையைத் தொடங்கிய இலங்கையின் ஏர் சிலோனும் இப்போது இல்லை. பல வருஷம் அங்கே வேலை பார்த்தவர்களிடம் மிச்சம் இருப்பது இந்த பேட்ஜ்தான்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

உத்திரமேரூர் பக்கம் கிராமத்தில் இருப்பவருக்கு ஆன்லைன்தான் எளிய வழி. ஆனா முன்பக்க போட்டோவை மட்டும் நம்பி பணம் அனுப்ப வேண்டாம். பின்பக்க போட்டோவும் கேளுங்க. தயாரித்தவரின் முத்திரை இருக்கா, ஊசி பழசா, ஓரம் பிசிறில்லாம இருக்கா என்று பாருங்க. ‘ரொம்ப பழசு’ என்று சொல்லும் பேட்ஜில் எல்லாமே பளபளன்னு இருந்தா சந்தேகப்படணும். யார் அணிந்தது, எந்த வருஷம் என்ற விவரத்தையும் கேட்டு எழுதி வைங்க.

மாட்டிக்கிட்டு போகலாமா?

வீட்டில் பிரேம் போட்டு வைப்பதில் பிரச்சினை இல்லை. விமான நிலையத்துக்கு அணிந்து போவதுதான் சிக்கல். 2019 நவம்பரில் டெல்லி விமான நிலையத்தில் பைலட் யூனிஃபார்மில் வந்த ஒரு பயணி பிடிபட்டார். அவர் பைலட்டே இல்லை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், பாரதிய நியாய சன்ஹிதா 319-வது பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

முக்கியமா, ஊழியர்களின் விமான நிலைய நுழைவு அட்டையை யாராவது விற்க வந்தா தொடவே தொடாதீங்க. அது பாதுகாப்பு ஆவணம், சேகரிக்கும் பொருள் கிடையாது.