பொன் துகள் புகட்டிய பாடம்



எங்கள் கருவடிக்குப்பத்துக் குயில்தோப்பைக் காண வருவோர் பாரதியாரை நினைப்பர். அவர் புதுவையில் வாழ்ந்தது 1908 முதல் 1918 வரை. அந்நாளில் புதுவையை ஆண்ட பிரான்சிலே, துலூஸ் நகரப் பேராசிரியர் பால் சபாத்தியே 1912ஆம் ஆண்டு நோபல் பரிசைக் கிரிஞ்ஞாருடன் பகிர்ந்துகொண்டார். நுண்ணிய உலோகத் தூளைக் கொண்டு கரிமப் பொருள்களோடு ஹைட்ரஜனைச் சேர்க்கும் முறைக்காக அவர் பெற்ற பரிசு அது. தாவர எண்ணெய் வனஸ்பதியாக உறைவதும் நிக்கல் தூளின் துணையால்தான். நிக்கல் வினையை விரைவுபடுத்தும், தான் செலவாகாது. ஆதலின் அது வினையூக்கி எனப்படும்.

தூள் எதற்கு? ஒரு சென்டிமீட்டர்க் கனசதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை மில்லிமீட்டர்க் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 60 ஆகும். வினை நிகழ்வது பரப்பிலே. காரணம் இவ்வளவே என்று பல்லாண்டு வகுப்பிலே கற்பித்தேன். அது பாதி உண்மையே என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன்.

எதனோடும் எளிதிற் சேராதது பொன். ஆயினும் ஜப்பானிய அறிஞர் ஹருட்டா, 1987இல் ஒரு புதுமையை வெளியிட்டார். இரும்பு ஆக்சைடு போன்றவற்றின்மீது சில நானோமீட்டர் அளவே உள்ள பொன் துகள்களைப் படியவைத்தார். நானோமீட்டராவது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அத்துகள்கள் நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடை, சுழியப் பாகைக்குக் கீழான குளிரிலும் கார்பன் டை ஆக்சைடாக மாற்றின! பரப்பு ஒன்றே காரணமாயின், பொன்கட்டியும் அதனைச் சிறிதேனும் செய்திருக்க வேண்டுமன்றோ?

தொழிற்சாலை வினையூக்கியில் பல அளவுத் துகள்கள் கலந்து கிடக்கும். எது எப்பணி செய்கிறதென அறிதல் அரிது. ஆகவே அறிஞர் மாதிரி ஒன்றை அமைத்தனர். வெற்றிடக் கலத்துள், தூய்மையான, சமதளமான ஆக்சைடுப் பரப்பின்மீது உலோக அணுக்களைச் சிறு தீவுகளாகப் படியவைத்து, அணுவையும் காட்டும் நுண்ணோக்கியால் நோக்கினர். அமெரிக்க அறிஞர் குட்மன் குழுவினர் 1998இல் டைட்டானியம் டை ஆக்சைடின்மீது இவ்வாறு ஆராய்ந்தனர். ஈரணுத் தடிப்பும் ஏறத்தாழ 3 நானோமீட்டர் அகலமும் உடைய பொன் தீவுகளே மிகுதியாகச் செயற்பட்டன. பெரியவையும் மிகச் சிறியவையும் பின்தங்கின. துகள் சிறுக்கும்போது பரப்புப் பெருகுவதோடு, பொருளின் இயல்பும் மாறுகின்றது.

பூகோள உருண்டையில் நம் தெரு இல்லை. எனினும் இரவும் பகலும் விளங்க அதுவே துணை. இம்மாதிரியும் அத்தகையதே. தொழிற்சாலையின் அழுத்தமும் நெருக்கமும் இதில் இல்லை என்பதை மறவாதீர்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே வினையூக்கத்திற்கெனத் தேசிய ஆராய்ச்சி மையம் உள்ளது. இக்கலை பயிலக் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் சொன்ன காரணத்தோடு நின்றுவிடாமல், "இவ்வளவுதானா?" என்று வினவும் துணிவு வேண்டும். என் மாணவருள் ஒருவரேனும் அன்று அவ்வாறு வினவியிருந்தால், நானும் முன்னமே கற்றிருப்பேன்.