பழிக்குப் பழியா, தற்காப்பா?

2019 பிப்ரவரி 14, புல்வாமாவுல நடந்த தற்கொலைத் தாக்குதல்ல 40 சிஆர்பிஎஃப் வீரர்கள் இறந்தாங்க. அதுல ரெண்டு பேர் நம்ம தமிழ்நாடு. ஒருத்தர் தூத்துக்குடி மாவட்டம், இன்னொருத்தர் அரியலூர். பிப்ரவரி 26ல இந்திய விமானங்கள் பாகிஸ்தானுக்குள்ள பாலாகோட்டைத் தாக்கின. எங்க புதுவாயல் டீக்கடையில எல்லாரும் பேசினது 'பழிக்குப் பழி'.

ஆனா அன்னிக்கு வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே வாசிச்ச அறிக்கையில பழிவாங்குற பேச்சே இல்ல. அடுத்த தற்கொலைத் தாக்குதலுக்கு ஆள் தயாராகுறதா நம்பகமான தகவல் இருந்தது, அதைத் தடுக்கத்தான் தாக்கினோம், குறி பாகிஸ்தான் ராணுவம் இல்லைங்கிறதுதான் சாரம்.

ஏன் இவ்வளவு கவனம்? சர்வதேசச் சட்டத்துல பழிவாங்க இடமில்ல. ஐநா சாசனத்தோட 51வது பிரிவு, ஆயுதத் தாக்குதல் நடந்தா தற்காத்துக்கலாம்னு சொல்லுது. தாக்குறது நாடா, இயக்கமான்னு சொல்லல. 2001ல இரட்டைக் கோபுரம் விழுந்த மறுநாளே பாதுகாப்பு கவுன்சில் தற்காப்பு உரிமையை உறுதி செஞ்சது. 2004ல சர்வதேச நீதிமன்றம், இன்னொரு நாடு தாக்கினாதான் அந்தப் பிரிவு பொருந்தும்ங்கிற பக்கம் சாஞ்சது. இழுபறி இன்னும் தீரல.

நம்ம கோபம் நியாயம்தான். ஆனா நாளைக்கு வேற ஒரு நாடு இதே காரணத்தைச் சொல்லி நம்ம எல்லையைத் தாண்டினா, ஆதாரம் எங்கன்னு கேப்போம். அதே கேள்விக்கு நாமளும் பதில் வச்சிருக்கணும்.